கரும்பலகையின் கீழ்ப்பாதி

பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று எழுதிக்கொண்டிருப்பதைக் கணக்கு டீச்சர் அன்றுதான் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது பீரியட். சாக்பீஸ் ஒடிந்து விழ, இன்னொன்று எடுப்பதற்காகத் திரும்பினாள். கடைசி இரண்டு வரிசையும் நின்றுகொண்டிருந்தது. நோட்டை உள்ளங்கையில் விரித்து வைத்து, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் நிக்கிறீங்க?”

முன்பெஞ்சிலிருந்த ஒரு பெண் சொன்னாள்.

“நீங்க கீழ எழுதுறீங்க டீச்சர். அவங்களுக்கு எங்க தலை மறைக்குது.”

“எத்தனை நாளா?”

“லீவு முடிஞ்சு வந்ததுலேர்ந்து.”

லீவு முடிந்து மூன்று மாதமாகியிருந்தது. டீச்சர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மேல்பாதி காலையில் துடைத்தபடியே கிடந்தது. கீழ்ப்பாதியில் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, போகப் போகச் சரிந்து, கடைசி வரி மரச்சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இருபத்தாறு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுடைய எழுத்துக்கு ஒரு பேர் இருந்தது. கோடு போட்ட நோட்டில் எழுதியது போல இருக்கும் என்பார்கள். அந்தக் கை தனக்கே தெரியாமல் வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கி வந்திருக்கிறது. பிள்ளைகள் வீட்டில்கூடச் சொல்லாமல் நின்றுகொண்டே எழுதியிருக்கிறார்கள்.

“உக்காருங்க” என்றாள். மீதிக் கணக்கை வாயாலேயே சொல்லி முடித்தாள்.

வலி எதனால் வந்தது என்று அவளுக்கே தெரியாது. கீழே விழவில்லை, எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுக்கும்போது வலது தோளில் சுருக்கென்றது, அவ்வளவுதான். அப்புறம் உடுப்பின் முதுகுப்பக்க ஜிப்பை எட்ட முடியவில்லை. அப்புறம் தலை வார முடியவில்லை. சீப்பைக் காதுவரைக்கும் கொண்டுபோய், மீதித் தூரத்துக்குத் தலையைச் சாய்த்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரு வலி. அதற்கும் பின்னால் மணிக்கட்டு. குழாயைத் திறக்க இடது கையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

மருந்துக்கடையில் வெவ்வேறு வாரங்களில் மூன்று தைலம் வாங்கினாள். தோளுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று. ஆசிரியர் அறைக்குள் நுழையும்போதே, “மருந்துக்கடை நடந்து வருது, வழி விடுங்க” என்று அறிவியல் டீச்சர் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். கணக்கு டீச்சரும் சிரித்துவைப்பாள்.

பின்வரிசை நின்ற சேதி இரண்டே நாளில் ஹெச்.எம். காதுக்குப் போய்விட்டது. அவர் கூப்பிட்டு உட்காரவைத்து, தன்மையாகத்தான் பேசினார்.

“டைம்டேபிள், பரீட்சை வேலையெல்லாம் நீங்க பாத்துக்கலாமே டீச்சர். கிளாஸை வேற யாருக்காவது குடுத்துடலாம். கொஞ்சம் ஓய்வா இருக்கும்.”

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். “ஒரு மாசம் டைம் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கு அடுத்தாற்போல் இருந்தது பிசியோதெரபி. கூரையில் ஒரு கப்பி, அதில் ஓடும் கயிற்றின் இரு முனையிலும் கைப்பிடி. சுவரில் விரலால் ஏறுவதற்கு ஒரு சின்ன மர ஏணி. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் ஒரு பெரியவர் தன் காலையே நம்பாமல் நடந்துகொண்டிருந்தார். அங்கே வேலை பார்க்கும் பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பிசியோ அம்மா என்றே கூப்பிட்டார்கள். அவருடைய இடது கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்து ஒரு கறுப்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

“எங்க வலிக்குது?”

“மூணு இடத்துல. மூணும் தனித்தனி வலிங்க.”

“கையைத் தூக்குங்க பாப்போம்.”

தூக்கினாள். கை மார்பு உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தோள்தான் காதை நோக்கி எழும்பியது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிசியோ அம்மா அவளைத் தளரவிடச் சொல்லி, கையைத் தானே பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தார். அதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

“நான் தூக்கினாலும் போகல, பாத்தீங்களா? சதையில மட்டும் கோளாறுன்னா நான் தூக்கும்போது போயிருக்கும். இது மூட்டைச் சுத்தியிருக்கற உறை. இறுகிப்போச்சு. அதனால தோள் வேலைக்கு வரல. அதோட வேலையையும் முழங்கை சேத்துப் பாக்குது. முழங்கைக்கு முடியாதப்போ மணிக்கட்டு வளைஞ்சு வளைஞ்சு எழுதுது. மூணு வலி இல்ல டீச்சர். எல்லாம் ஒரு இடத்துலேர்ந்து வந்ததுதான்.”

டீச்சருக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஒருத்தி நீண்ட லீவு போட்டால் அவளுடைய பீரியட்களை மற்றவர்கள் தலையில் கட்டுவது அவளுக்குப் புதிதா என்ன? ஒரு மாதம் போனால் அந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் படுத்துக்கொள்வார்கள்.

“எத்தனை நாள்ல சரியாகும்?”

“ஒரு வருஷம். ஒன்றரை கூட ஆகலாம்.”

“வாரமா?”

“வருஷம்” என்றார் பிசியோ அம்மா. நாளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். “சர்க்கரை இருக்கா?”

“இல்ல.”

“பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. அன்றே ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரையும் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இப்படி இறுகுவது சகஜம் என்றார்கள். கை தூக்க முடியாமல் போனவள், மாத்திரைச் சீட்டும் சேர்த்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

பயிற்சி என்று கொடுத்தது பார்வைக்கு ஒன்றுமே இல்லை. இடது கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு, சின்னச் சின்ன வட்டமாக ஆட விட வேண்டும். சுவரைப் பார்த்து நின்று விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். கையை மேஜையில் வைத்து, பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை நிதானமாக இறக்க வேண்டும். “ஏத்தறதுக்கு இடது கையால உதவி பண்ணுங்க, இறக்கறதுதான் முக்கியம்” என்றார் பிசியோ அம்மா. ஒரு விதியும் சொன்னார். பயிற்சி செய்யும்போது வரும் வலி அரைமணிக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாள் காலைவரை நின்றால் அது அளவுக்கு மீறியது.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் சுவரில், விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். ஏழு வாரம். ஏழு கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே இடத்தில் விழுந்து, தடித்த ஒற்றைக் கோடாகிவிட்டது. பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுப்பவளுக்கு அது என்னவென்று புரியாமலா இருக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஐம்பது நோட்டுத் திருத்தி, அடுப்பைப் பார்த்து, அப்புறம் மேஜையில் குனிந்து கையை ஆட்டும்போது, யாருக்காக ஆட்டுகிறோம் என்று இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து வாராவாரம் கேட்பான், “கை எப்படிம்மா இருக்கு?” “இருக்கு” என்பாள்.

அவள் கணவர் அடுத்த தெருவில் டூவீலர் பட்டறை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவுப் பக்கம் வந்து நின்று அந்தக் கோட்டைப் பார்த்தார். அவளையும் பார்த்தார்.

“துருப்பிடிச்ச நட்டு மாதிரிதானே இது. கொஞ்சங் கொஞ்சமா அசைச்சுட்டே இருந்தா அப்படியேதான் இருக்கும். பிடிச்சு ஒரு இழு இழுத்தா விட்டுடும்.”

“அந்தம்மா இழுக்கக் கூடாதுன்னாங்க.”

“அவங்க பயப்படுவாங்க. நான் மெதுவாத்தான் இழுப்பேன்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. எப்படியாவது இன்றோடு முடிந்தால் சரி என்று கையைக் கொடுத்துவிட்டாள். அவர் தோளில் ஒரு கையை அண்டக் கொடுத்து, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார். உள்ளே துணி கிழிகிற மாதிரி ஏதோ செய்தது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமில்லை, நெற்றி முழுக்க வேர்வை. அவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதன் பிறகு பத்து நாள் அந்தக் கை எதற்கும் ஆகவில்லை. கோடு நாலு விரல் கீழே இறங்கியது. மனிதர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலையில் அவள் முதுகைக் காட்டி நின்றால், சுடு பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி விரல் நுனியால் ஜிப்பை ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். தலையையும் அவர்தான் வாரிவிட வேண்டியிருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் அழுக்கு இருக்கிற அந்தப் பெரிய விரல்கள் ஒரு ரப்பர் பேண்டோடு திண்டாடின. இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அடுத்த முறை போனபோது, “வழுக்கி விழுந்துட்டேன்” என்றாள்.

பிசியோ அம்மா தோளைத் தொட்டுப் பார்த்தார்.

“யார் இழுத்தது?”

“...வீட்டுக்காரர்.”

“நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சோப்புப் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பிய தகப்பன் மாதிரி வாசலிலேயே நின்றார். பிசியோ அம்மா திட்டவில்லை. டீச்சரை மேஜையில் படுக்கவைத்து, அவருடைய கையை எடுத்து அவள் முழங்கைக்குக் கீழே வைத்தார்.

“கனம் முழுசும் உங்க கையில இருக்கட்டும். இழுக்காதீங்க. தாங்குங்க, போதும். அவங்க உங்களை நம்பித் தளர்ந்தாத்தான் அது விடும். வலிக்குதுன்னா அங்கேயே நிறுத்தி, மூச்சு விடச் சொல்லுங்க. அப்புறம் அரை விரற்கடை.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாங்கினார். அவள் கண்ணை மூடியிருந்தாள். கழுத்து நரம்பு முதலில் புடைத்துக்கொண்டிருந்தது, பிறகு மெல்ல அமுங்கியது. அது அரை விரற்கடையா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் பிசியோ அம்மா தலையாட்டினார்.

கிளம்பும்போது டீச்சரின் கணவர் அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்து, “உங்களுக்கென்னங்க ஆச்சு?” என்றார்.

“பதினஞ்சு வருஷமாக் கட்டைவிரலால அமுக்கி அமுக்கி வந்தது. ஓய்வு குடுக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றேன்.”

“உங்களுக்கு யாரு பாக்கறாங்க?”

“பாக்கணும்” என்று சொல்லிவிட்டு அடுத்து வந்தவரின் சீட்டைக் கையில் எடுத்தார்.

ஹெச்.எம். கொடுத்த ஒரு மாதம் எப்போதோ கடந்துவிட்டது. கரும்பலகையின் மேல்பாதிக்குக் கை எட்டவில்லை என்று பிசியோ அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்காமலே சொன்னார், “கை ஏறலைன்னா நீங்க ஏறுங்க டீச்சர்.” கூட வந்திருந்த கணவர் அதைக் கேட்டுக்கொண்டார். அந்த வாரமே பட்டறையில் இரும்புக் குழாயை அறுத்துப் பற்றவைத்து, மேலே பலகை இறுக்கி, ஒரு முழ உயரத்தில் கரும்பலகை நீளத்துக்கு ஒரு மேடை செய்துவிட்டார். விழாமலிருக்கக் கைப்பிடிக் கம்பியும் உண்டு. ஹெச்.எம். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு வகுப்பாக இதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, பிள்ளைகளே கணக்குக்கு இந்த அறைக்கு வரட்டும் என்று டைம்டேபிளை மாற்றினார். டீச்சருக்கு ‘பால்கனி’ என்று புதுப் பேர் வந்தது. பின்வரிசை உட்கார்ந்து எழுதியது.

காலையில் பட்டறைக்குப் போகுமுன் பத்து நிமிஷம், அவள் கட்டிலில் படுத்திருக்க, அவர் முழங்கைக்குக் கீழே கை கொடுத்து உட்கார்ந்திருப்பார். ரேடியோவில் செய்தி ஓடும். “போதுமா?” “இன்னும் கொஞ்சம்.” சில நாள் அவருக்கு நேரமாகிவிடும். சில நாள் அவளுக்கு எழுந்திருக்கவே மனசு வராது. ஒரு வாரம் முழுக்க இரண்டு பேரும் மறந்த மாதிரி இருந்ததும் உண்டு. அப்புறம் யாராவது ஒருவர் தொடங்குவார்கள்.

பாட்டில் பயிற்சியில் முழங்கை நாலாவது மாதம் அடங்கியது. மணிக்கட்டு அதைப் பின்தொடர்ந்தது. தோள் மட்டும் தன் இஷ்டத்துக்குத்தான் நடந்தது. ஒன்பதாவது மாதம் கோடு நகர ஆரம்பித்தது. ஒரு மாதம் இரண்டு விரல், ஒரு மாதம் ஒன்றுமில்லை, அடுத்த மாதம் மூன்று. பதினாறாவது மாதம் அவளே பின்னல் போட்டுக்கொண்டாள், கோணலாக. கரும்பலகையின் மேல் விளிம்பை மேடையில்லாமல் தொட முடியவில்லை. ஒரு சாண் குறைந்தது. அது இனி வராது என்று பிசியோ அம்மா சொன்னார். டீச்சர் தலையாட்டினாள். இருக்கிறதை வைத்து ஓட்டுவது அவளுக்குப் பழக்கம்தான். முதுகுப்பக்க ஜிப் வைத்த உடுப்புகளைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருஷம், பரீட்சைத்தாள் கட்டைத் தூக்கும்போது இடது தோளில் சுருக்கென்றது. அவள் கட்டை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். அவர் வண்டிச்சாவியை எடுத்தார்.

பிசியோ அம்மா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டுப் பட்டை இப்போது இரண்டு கையிலும் இருந்தது.

“மறுபடியுமா டீச்சர்?”

“இந்தப் பக்கம்.”

“எத்தனை நாளாச்சு?”

“இன்னிக்குக் காலையிலேர்ந்து.”

பிசியோ அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு சீக்கிரம் யாரும் வரமாட்டாங்க” என்றார். பிறகு நாற்காலியைத் தள்ளி எழுந்து, “கையைத் தூக்குங்க பாப்போம்” என்றார்.