உதறிய துணிக்கு ஒரு சாட்சி

நெவென்கா ஒரு நாள்கூட அந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்தவள் அல்ல. இருபத்திரண்டு வருஷம் புருஷன் யெர்கோவின் வேலை உடுப்பைத் துவைத்தாள், அவ்வளவுதான். அந்தத் தொழிற்சாலைத் தூசி நுரையீரலில் படிந்து யெர்கோ செத்துப்போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதே தூசி இப்போது அவள் நுரையீரலிலும் இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்றுதான் தோன்றியது.

அந்தக் கடலோர ஊரில் கொடியில் தொங்கும் துணியை வைத்துத்தான் குடும்பத்தையே எடை போடுவார்கள். நனைப்பதற்கு முன்னால் துணியை உதறாதவள் சோம்பேறி. நெவென்காவா சோம்பேறி? மாவு மில்லில் நிற்பவள் மாதிரி தலைமுடி வெளுக்கும்வரை உதறுவாள்.

சட்டம் போட்ட புண்ணியவான்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். தொழிலாளி என்றால் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதும், நஷ்டஈடு உண்டு. பெண்டாட்டி பிள்ளைகள் என்றால், அவர்கள் வீட்டில் துணி உதறியதைக் கண்ணால் கண்ட ஒருவர் உயிரோடு வந்து சொல்ல வேண்டும். நெவென்காவோடு சேர்ந்து உதறிய பக்கத்து வீட்டுக்காரிகள் நாலு பேரும் மேட்டுக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

விண்ணப்பம் போட்டே ஆகவேண்டும் என்று இழுத்து வந்தவள் மகள் தின்கா. பேக்கரியில் வேலை, ஐம்பத்தொரு வயது.

அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தங்கமானவள்தான். முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

“சாட்சி யாராவது இருக்காங்களாம்மா?”

“யாரும் இல்ல.”

“அப்போ ஒண்ணும் பண்ண முடியாதே.”

“பரவாயில்ல. வா தின்கா, போலாம்.”

“நான் இருக்கேனே,” என்றாள் தின்கா. “நான் பார்த்திருக்கேன்.”

“இவ என்னத்தைப் பார்த்தா! கடற்கரையில ஆடிட்டிருந்திருப்பா.”

“நீ எங்கம்மா ஆட விட்டே, துணி துவைக்கிற சனிக்கிழமையில?”

அந்தப் பெண் பேனாவைத் திறந்தாள். “எவ்வளவு தூரத்துல நின்னீங்க?”

“தூரம் என்ன தூரம்? பேன்ட்டோட ஒரு முனை அம்மா கையில, இன்னொரு முனை என் கையில. ஆறு வயசு எனக்கு. நல்லா உதறினா ஒரு அத்திப்பழம் தருவா.”

இந்த ஒன்றை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் நெவென்கா ஒரு மாதமாகச் சாட்சி இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லியாகிவிட்டது. ஏதாவது வலிக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வலிக்கவில்லை.

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதி, தின்காவிடம் கையெழுத்து வாங்கினாள். பிறகு மேஜை டிராயரிலிருந்து இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து தின்கா பக்கம் நகர்த்தினாள்.

“இது உங்களுக்கு. இப்போ தேவைப்படாது, வச்சுக்குங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்களுக்குச் சாட்சி அம்மாதானே. அவங்க இருக்கும்போதே கையெழுத்து வாங்கி வச்சுடுங்க.”

தின்கா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெவென்கா பேனாவைக் கையில் எடுத்தாள்.

“எந்த இடத்துல போடணும்?” என்று கேட்டாள்.