கறுப்பாக வரும் வெள்ளி

கனிமச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் ஒரு நாளில் அதிகம் சொல்லும் சொல் ‘இல்லை’. ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஈயக் கல்

காசிமேட்டு வேலு படகுத் தொழிலாளி. துறைமுகச் சாலையில் லாரியிலிருந்து விழுந்த கல் ஒன்றை வெள்ளி என்று நம்பித் துண்டில் சுற்றித் திருவொற்றியூரில் இருக்கும் எங்கள் கூடத்துக்கு எடுத்து வந்தார். கண்ணாடி போல மின்னியது. சுத்தியலால் மெல்லத் தட்டினேன். சின்னச் சின்னக் கனசதுரங்களாக உடைந்தது. வெள்ளி என்றால் உடையாது, நசுங்கித் தகடாகும், இது ஈயக் கல் என்றேன். துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “நீ தட்டாம வுட்ருந்தா, வூடு போய்ச் சேர்ற வரைக்குமாவது வெள்ளியா இருந்துருக்கும் நைனா.”

காலுறைக்குள் இருந்தது

வேலுதான் தன் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவை எங்களிடம் அனுப்பினார். ஸ்டெல்லாவின் கணவர் சேவியர் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் இருந்தவர்; நடுக்கடலில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். உடலோடு திரும்பி வந்த அவருடைய பெட்டியில், காலுறைக்குள் ஒரு கல். சுரங்கத்திலிருந்து அப்படியே எடுத்த வெள்ளி, உனக்குத்தான் என்று போனில் சொல்லியிருந்தாராம். சம்பளத்தைக் குடித்துவிட்டுத் தெருக்கல்லைக் காட்டி ஏமாற்றியிருக்கிறான் என்று கொழுந்தன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கால்சைட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் கல்; அதிலிருந்து சுருட்டை முடி போலக் கறுப்புக் கம்பிகள். மண்ணிலிருந்து வரும் வெள்ளி பளபளக்காது, காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுத்துவிடும். ஊசியால் ஒரு கம்பியைக் கீறினேன், வெண்மையாக மின்னியது. அழுத்தினேன், உடையாமல் வளைந்தது. தங்கம், செம்பு மாதிரி வேறு எதோடும் சேராமல் உலோகமாகவே கிடைப்பது, தனிமக் கனிமம் என்ற வகை, இயற்கை வெள்ளி என்றேன். பதினெட்டு வருடத்தில் நானும் அன்றுதான் அதைக் கையில் தொட்டேன். அந்தச் சந்தோஷத்தில், மேலேதான் கறுப்பு, உள்ளே வெள்ளை என்று கேட்காததையும் சொன்னேன். “பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். எங்க கொழுந்தனுக்கு பேப்பர்ல இருந்தாதான் நெசம்.”

முப்பதாம் நாள் பூசை

ஆதார் இல்லாமல் மாதிரியைப் பதிவுசெய்ய முடியாது. அன்று அவரிடம் இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சேவியருக்கு முப்பதாம் நாள் பூசை. கல்லைப் படத்தின் முன் வைக்க நினைத்தவர், கொலுசைத் துலக்குவது போலப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, பல்பொடி போட்டுப் பிரஷால் தேய்த்திருக்கிறார். கால்சைட்டைப் புளிப்பு அரித்துவிடும். பிடி விட்ட கம்பிகள் கறுப்புத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை ஆதாரும் வெறும் வெள்ளைக் கல்லும் வந்தன. லென்ஸ் வைத்து ஒரு மணி நேரம் தேடினேன். போன வாரம் கண்ணால் பார்த்ததை எழுதலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். பதிவேட்டைத் திருப்பி, அந்தத் தேதியில் ஸ்டெல்லாவின் பெயர் இல்லாததைக் காட்டினார். ‘கால்சைட். வெள்ளி காணப்படவில்லை’ என்று தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன். ஸ்டெல்லா இரண்டு முறை படித்தார். “அவுரு சொன்னது பொய்னு நீங்களும் எழுதிட்டீங்களே சார்.”

இப்போதெல்லாம் கறுத்த கம்பியோடு யாராவது கல் கொண்டுவந்தால், தேய்க்காதீர்கள் என்பதை முதலிலும் வெள்ளி என்பதைப் பிறகும் சொல்வதாக இருக்கிறேன், இதுவரை ஒருவரும் வரவில்லை.