பதில் தட்டிய கை

வெளியே கிளம்பினால் பாதி வழியில் திரும்பி வந்து அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறவள் நான். பேரன் போனில் எதையோ தொட்டு யாருக்கோ அனுப்பினால்கூட, அந்தப் பக்கம் இருப்பவங்களை நெனச்சுப் பாத்தியா என்று கேட்டுவிடுவேன். அவன் சிரிப்பான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்தப் பயத்தைப் பள்ளிக்கூடம் சொல்லித் தரவில்லை. இது ஒரு கம்பியிலிருந்து வந்தது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம். எனக்கு ஒன்பது வயதானபோது அங்கே மேல்மலையிலிருந்து கீழே வரை இழுத்துக் கட்டிய கம்பி வந்தது. அதுவரை மேல்மலையில் பறித்த கொழுந்தை ஆண்கள் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து, வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கொண்டு வருவார்கள். கம்பி வந்த பிறகு சாக்கைக் கொக்கியில் மாட்டி விட்டால் போதும். ஒரு வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் அது ஸ்டோர் வாசலில் வந்து மோதி நிற்கும். துரைக்கு அதில் அத்தனை பெருமை. இத்தனை ஆள் செய்த வேலைக்கு இனி மேலே ஒருவர், கீழே ஒருவர் போதும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம்.

அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டார்தான். மேலே சாக்கை மாட்டி விடுவது பெரியப்பா. கீழே பிடித்து இறக்குவது மாமா, அம்மாவின் தம்பி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. முந்தின வருஷம் காமன் கூத்தில் ரதி வேஷம் யார் கட்டுவது என்று வந்த சண்டை. இரண்டு பேருக்குமே பெரிய மீசை இருந்ததை அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பனி இறங்கினால் மேலே இருப்பவருக்குக் கீழே எதுவும் தெரியாது. கம்பியைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் அதற்கு ஒரு வழியும் சொல்லவில்லை. வழி கண்டுபிடித்தது பேசாத அந்த இரண்டு பேரும்தான். பெரியப்பா இரும்புத் துண்டால் கம்பியில் இரண்டு தடவை தட்டுவார். விடட்டுமா என்று அர்த்தம். மாமா நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு தடவை தட்டுவார். விடு என்று அர்த்தம். அந்த ஒன்று கேட்காமல் பெரியப்பா சாக்கை விடவே மாட்டார். ஒருநாள் மாமா ஸ்டோருக்குள் மாட்டிக்கொண்டு வரத் தாமதமானபோது, கணக்கப்பிள்ளை நின்று ஏசியும், பெரியப்பா மழையில் சாக்கைப் பிடித்தபடியே நின்றாராம். பேச்சில்லாதவர்களுக்குள் எத்தனை நம்பிக்கை என்று அம்மா சிரிப்பாள்.

மத்தியானத்தில் மாமாவுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டு போவது என் வேலை. என்னைக் கண்டதும், "வாங்க துரைசாணி, பெரட்டுக்கு நேரமாச்சுங்களா?" என்று, துரையின் மனைவியே காலையில் ஆள் கணக்கெடுக்க வந்துவிட்டதுபோல் எழுந்து நின்று கும்பிடுவார். அந்தக் கும்பிடுக்காகவே ஓடுவேன். மாமா தட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும் என்று கை அரித்துக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு நல்ல பனி. முன்னால் வந்த சாக்கு வாய் பிரிந்து கொழுந்து கொட்டிக் கிடந்தது. நான் போனபோது மாமாவைக் காணோம். தேத்தண்ணிப் போத்தலை வைத்துவிட்டு நின்றேன். மேலிருந்து டங், டங் என்று கேட்டது. இரும்புத் துண்டு, சாக்கை இறக்கும் பலகைமேல் கிடந்தது. மாமாவுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.

மாமா பலகைக்குக் கீழே குனிந்து, சிந்திய கொழுந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். மேலே தட்டியது அவருக்குக் கேட்டிருக்கும். தான் பதில் தட்டாமல் சாக்கு வராது என்பதால்தான் அவசரப்படாமல் அள்ளிக்கொண்டிருந்தார். தட்டுவதற்கு முன்னால் அவர் நாலு பக்கமும் பார்ப்பாரே, அதை நான் அவருடைய ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். என் தட்டல் கேட்டு அவர் திடுக்கிட்டு நிமிரவும் பனிக்குள்ளிருந்து சாக்கு வரவும் சரியாக இருந்தது. வலது தோளில் அடித்துத் தள்ளியது.

இரும்புத் துண்டு இன்னும் என் கையில் இருந்தது. விழுந்து கிடந்த மாமா முதலில் அதைத்தான் பார்த்தார். "அதக் கீழ வச்சிட்டு வீட்டுக்கு ஓடு" என்றார். வைத்துவிட்டு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டோர் வாசலில் விசாரணை. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். பதில் வராமல் சாக்கை விட்டது பெரியப்பா என்று ஆனால், வேலையை விட்டு அனுப்பும் பத்துச்சீட்டு அவர் கைக்கு வரும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். பெரியப்பா பதில் கேட்டது, கேட்டது என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றார். துரை மாமாவைப் பார்த்தார்.

"தட்டுனது நான்தாங்க" என்றார் மாமா. "தட்டிட்டு, கொழுந்து கெடக்கேன்னு புத்தியில்லாம குனிஞ்சிட்டேங்க."

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். தப்பித்தேன்.

மாமாவுக்குக் கம்பி வேலை போனது. தோள் தூக்க வரவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட முடியாமல், புல்வெட்டு வேலையில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்கினார். கம்பியில் மணி பூட்டினார்கள். பொத்தானை யார் அழுத்தினாலும் ஒரே சத்தம்.

விசாரணை நடந்த அன்று சாயங்காலமே பெரியப்பா, மாமா இருந்த எங்கள் காம்பிராவுக்கு வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு மாமாவிடம் பேசிய முதல் பேச்சே ஏச்சுத்தான். வாசலில் குந்தி வெகுநேரம் ஏசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு ஒன் தட்டு ஒரு மாதிரி இருந்துச்சேடா. சோறு திங்கலையா?" என்றார்.

"கஞ்சிதான் குடிச்சேன்" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமலே.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் வராத நாள் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து மாமா அத்தையோடு இந்தியாவுக்குப் போனார். சொந்த ஊர் என்றார்கள், அவர் அதைப் பார்த்ததே கிடையாது. ஒரு கையால் இங்கே பிழைக்க முடியாது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தும், அதை அந்தத் தட்டலோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. தலவாக்கலை ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். விசிலடித்த ரயில் கார்டைக்கூடப் பெரியப்பா ஏசினார். ரயில் கிளம்பும் சமயம் மாமா இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பெட்டியின் தகரத்தில் இரண்டு தடவை தட்டினார். தட்டிவிட்டு என்னையே பார்த்தார்.

நீதான் தட்டினாய், எனக்குத் தெரியும் என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார் என்று நினைத்தேன். பயத்தில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

போன புதிதில் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் இல்லை. இரண்டு தட்டினால் விடட்டுமா என்று அர்த்தம்; போகட்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். அது எனக்கு விளங்க நான் அவர் வயதைத் தாண்ட வேண்டியிருந்தது. பெரியப்பாவாக இருந்தால் பதில் வரும்வரை நின்றிருப்பார். ரயில் நிற்கவில்லை.