கேட்டுக்கொண்டே இருந்தவள்

அவள் மனநல ஆலோசகர். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேசைமேல் வருகிறவர்கள் கண் துடைக்க டிஷ்யூ பெட்டி. "அவங்ககிட்ட பேசினா பாரம் இறங்கிடும்" என்று வார்டு நர்ஸுகள் சொல்வார்கள். இறக்கிவைத்த பாரம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

நீச்சல் குளத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு டிரைவர் அவளிடம் வர ஆரம்பித்த பிறகுதான் சிக்கல். பையன் தண்ணீரில் எப்படிக் கிடந்தான் என்பதை மறுபடி மறுபடி சொல்வார். சொல்லச் சொல்ல அவர் கொஞ்சம் தேறினார். அவளுக்குத்தான் தூக்கம் போனது. வீட்டில் மகன் குளிக்கப் போனால் குளியலறை வாசலிலேயே நிற்பாள். தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவாள்.

"அம்மா, நான் ஒண்ணும் சின்னக் குழந்தை இல்ல. தலைக்கு சோப்பு போடவாவது விடு."

ஒருநாள் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டாள். மகன் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போனான். கணவர் சத்தம் போடவில்லை. கீழே கிடந்த ஸ்க்ரூக்களைப் பொறுக்கித் தாழ்ப்பாளை மாட்டினார்.

"நீ யார்கிட்டயாவது போய்ப் பேசு. ஊருக்கெல்லாம் இதைத்தானே சொல்ற."

தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று ஊரின் மறுகோடியில் ஓர் ஆலோசகரைப் பிடித்தாள். காத்திருக்கும் அறைக்குள் நுழைந்தால் அங்கே அதே டிரைவர். மனைவியைக் கூட்டி வந்திருந்தார். மனைவி உள்ளே பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கயும் வேலை பாக்கறீங்களா மேடம்?"

ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "இல்லைங்க. நானும் பேசத்தான் வந்திருக்கேன்."

அவர் முகம் வெளிறியது. "நான் சொன்னதாலயா?"

"உங்க தப்பு இல்லைங்க" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

உள்ளே இருந்த ஆலோசகர் அவளைவிட வயதில் சின்னவள். தன் முறை வந்ததும் இவள் அறிகுறிகளைப் பாடம் போல ஒப்பித்தாள். என்ன சிகிச்சை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"வேற யாரோ ஒருத்தரைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு" என்றாள் சின்னவள். "பையன் குளிக்கும்போது உங்க கண்ணுக்கு என்ன தெரியுது?"

"தண்ணிக்குள்ள கிடக்கறான். டிரைவரோட பையன் இல்ல. என் பையன்."

அழுகை வரவில்லை. சின்னவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் டிரைவர் மருத்துவமனைக்கு வந்தபோது, இனி வேறொருவர் அவரைப் பார்ப்பார் என்று சொன்னாள். கோபப்படுவார் என்று பயந்திருந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து போனவர் கதவருகே நின்றார்.

"அவங்ககிட்ட மொதல்லேருந்து சொல்லணுமா மேடம்?"

"சொல்லணுங்க."

அவர் போன பிறகு, அடுத்தவரை உள்ளே கூப்பிட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.