ஓரத்தில் இருந்த இரண்டு வரி

சரவெடிக்கு வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்தாறு வயதுவரை தெரியாது. மிக்சி ரிப்பேர் செய்கிற மனிதர். அவர் வாயைத் திறந்தால் பட்டாசுக் கட்டுக்குத் தீ வைத்த மாதிரி. அதனால்தான் அந்தப் பட்டப்பேர். பாதிப் பேர் ஓடாத மிக்சியை ஓடாமலேயே வாங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதார்கள்.

அப்பேர்ப்பட்டவர், சம்பந்தி வீட்டு ஹாலில், ஒரு போட்டோவுக்கு முன்னால், கூனிக் குறுகிக் கடுகளவு ஆகிப்போனார்.

போட்டோவைப் பிடித்தது அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசின. மகள் வேறு ஊரில் வேலையில் இருந்ததால் திரையில் மூன்று கட்டம். பெரிய கட்டத்தில் சம்பந்தி வீட்டார், மேலே ஒரு கட்டத்தில் சரவெடியும் மனைவியும், வலது ஓரத்தில் மகள். எல்லாரும் சிரிக்கிற நேரமாகப் பார்த்து, திரையைப் படம் பிடிக்கிற பட்டனை அமுக்கினார். பேர்தான் பிரிண்ட் பட்டனாயிற்றே, பேப்பர் தானாக வரும் என்று பிரிண்டர் பக்கத்தில் காத்துக் கிடந்தார். பிரசவ வார்டு வாசலில்கூட அவர் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

பிறகு மகள்தான் போனில் சொன்னாள்: "அப்பா, அது படம் மட்டும்தான் பிடிக்கும். பெயின்ட்னு ஒரு புரோகிராம் இருக்கும், அதைத் திறந்து, ஒட்டி, அப்புறம் பிரிண்ட் கொடுங்க."

ஒட்டினார். கொடுத்தார். வழவழப் பேப்பரில் கலர் கலராக வந்தது. நிலாவுக்கு ராக்கெட் விட்டவன்கூட அப்படி நெஞ்சை நிமிர்த்தியிருக்க மாட்டான்.

"ஓரத்துல பொடி எழுத்தா என்னமோ இருக்கேங்க?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் தானா போடற தேதிடி. உனக்கென்ன தெரியும்?"

கண்ணாடி எங்கே என்று தேடச் சோம்பல். அப்படியே ஃபிரேம் போட்டு, கல்யாணத்தன்று சம்பந்தியம்மா கையில் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மனைவியோடு மகளைப் பார்க்கப் போனது இப்போதுதான். சமீப காலமாக அவள் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. புது வீடு, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டார். வந்து உட்கார்ந்ததும் வெடிக்கத் தொடங்கிவிட்டார். சம்பந்தி சிரித்தார், மாப்பிள்ளை சிரித்தார், எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் இருமி இருமிச் சிரித்தார். சம்பந்தியம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் கையால் வாயை மூடிக்கொண்டு, சத்தமே வராமல் சிரித்தார். பல்வலியோ என்று நினைத்தார் சரவெடி.

"இந்தப் படம் சூப்பரா இருக்கே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், சுவரைக் காட்டி.

போதாதா? சரவெடி எழுந்துவிட்டார். "கடையில போட்டதுன்னு நெனச்சீங்களா? வீட்ல, இந்தக் கையால போட்டது! கிட்ட வாங்க, ஓரத்துல தேதி கூட இருக்கும் பாருங்க." மூக்கில் கண்ணாடியை மாட்டி, செய்தி வாசிக்கிற குரலில் உரக்கப் படித்தார்: "உன் மாமியார் சிரிச்சா குதிரை கனைக்கிற மாதிரி..."

நாக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அது அவர் தட்டிய வரி. பேச்சுக்கு நடுவில் மகளுக்குத் தனியாக அனுப்பியது. அந்த மெசேஜ் பெட்டி மகளின் முகத்துக்குக் கீழே திறந்தே கிடந்திருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருந்த அத்தனையையும் பட்டன் பிடித்திருக்கிறது. அடுத்த வரி மகளுடையது: அய்யோ அப்பா. கூடவே, விழுந்து சிரிக்கிற நாலு பொம்மை முகம்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் திடீரென்று அடுப்பில் பால் ஞாபகம் வந்தது. சம்பந்தி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"மீதியையும் படிங்கண்ணா," என்றார் சம்பந்தியம்மா. "நான் தினம் படிக்கிறதுதானே."

சரவெடி தண்ணீர் வேண்டும் என்று முணுமுணுத்து, சமையலறைக்குள் புகுந்தார். மகள் பாத்திரத்தோடு நின்றாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"வந்த மறுநாளே பார்த்துட்டேன்ப்பா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் ஒரு ஜோக்கா ஆக்கி ஊர் பூரா சொல்லுவீங்க."

"அத்தை உன்னைத் திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா பரவாயில்லையே. ஒரு வார்த்தை கேக்கல. என் முன்னாடி வாயை மூடிக்கிட்டே சிரிக்கிறாங்க. நான்தானேப்பா தினம் பார்க்கிறேன்."

ஹாலுக்குத் திரும்பினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "கழட்டி எடுத்துட்டுப் போறேன். அந்த எழுத்தை வெட்டிட்டு..."

"எப்படி வெட்டுவீங்க? ஓரத்தை வெட்டினா உங்க பொண்ணு போயிடுவா. அடியை வெட்டினா நான் போயிடுவேன்." சம்பந்தியம்மா படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். படத்தில் அவர் வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நான் அப்படிச் சிரிச்சது உங்க ஜோக்குக்குத்தான்ணா. இப்படி ஒரு சம்பந்தி கிடைச்சாரேன்னு நெனச்சுச் சிரிச்சேன்."

சரவெடியின் காது இரண்டும் சூடேறிய மிக்சி மோட்டார் மாதிரி கொதித்தன. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். ஒரு ஜோக் வரும், இதுவும் கரைந்துபோகும் என்று காத்திருந்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேன் தங்கச்சி," என்றார். "வாய் என்னுது. அவ சின்னப் பொண்ணு. கோபத்தை அவ மேல வெச்சிடாதீங்க."

சம்பந்தியம்மா சமையலறைப் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா அங்கயே நிக்கிறே? வந்து உட்காரு." அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: "இவ எங்க வீட்டுப் பொண்ணு. கோபம் உங்க மேல மட்டும்தான்ணா. அது கொஞ்ச நாள் இருக்கும்."

"இருக்கட்டும் தங்கச்சி," என்றார் சரவெடி. ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி கேட்டாள்: "ஏங்க, அது என்ன தேதிங்க?"

சரவெடி மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து, மங்கலாக ஓடிய கடைப் பலகைகளைப் படிக்கிறவர்போல வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.