துண்டுக்கு அடியில் மூன்று விரல்கள்

என் நோய் முதலில் ஒரு துண்டுக்கு அடியில்தான் தெரியவந்தது.

மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு பார்த்தவன் நான். எழுபதுகளில் எங்கள் தெருவில் விலையை வாயால் சொல்லமாட்டோம். வாங்குகிறவரும் தரகரும் வலதுகையை நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். அவர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, அதுதான் விலையின் கடைசி எண். மற்ற எண்கள் அன்றைய நிலவரத்திலேயே இருவருக்கும் தெரிந்திருக்கும். சுற்றி நிற்பவர்களுக்கு எங்கள் முகம் மட்டும்தான் தெரியும், அதில் படிக்க ஒன்றும் இருக்காது. விலை படிந்தால் ‘சம்மதம்’ என்ற ஒரு சொல் மட்டும் வெளியே வரும்.

அன்று என் விரலைப் பிடித்தவர் ஜெயந்தி பாய். பஜார் ரோட்டில் கிடங்கு வைத்து ஏற்றுமதி செய்த குஜராத்திக்காரர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மூன்று பிடி தெரிந்தது. சரக்குக்காரரிடம் போய் மூன்று என்றேன். அவர் முகத்தைச் சுளித்துவிட்டு வேறு தரகரிடம் போய்விட்டார். சாயங்காலம் ஜெயந்தி பாய் என்னைக் கூப்பிட்டார்.

“எந்தா பிள்ளே, அஞ்சு தந்தும் சரக்கு வரலையே?”

“மூணுதானே பிடிச்சீங்க, பாய்?”

“அஞ்சும் பிடிச்சேன். முழுக் கை.”

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. நானும் அல்ல. வேலை மிகுதியில் கவனம் சிதறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தச் சமாதானத்தை நானே நம்பவும் செய்தேன்.

வேலை மிகுதி என்பது பொய்யில்லை. தரகில் கூட்டாளி கிடையாது. ஒரு கை இன்னொரு கையை நம்பிச் செய்கிற தொழிலுக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியாது. கிடங்கு கிடங்காகப் போய் மாதிரிக்கு ஒரு பிடி மிளகு எடுப்பது, அதைக் கடித்துப் பார்ப்பது, வாங்குகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, விலை படிந்தால் தராசுக்குப் பக்கத்தில் நிற்பது, சாக்கு தைப்பதைப் பார்ப்பது, பம்பாய்க்குத் தந்தி அடிப்பது எல்லாமே நான்தான். எதை முதலில் செய்வது என்று நான் யோசித்ததே இல்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவர் வேலை முதலில் நடக்கும். யாராவது கேட்டால், “தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன?” என்பேன். கேட்டவர் சிரிப்பார். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

இப்போது தெரிகிறது, உடம்பில் சத்தம் போடாத ஒன்று இருந்தால் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று.

கண்டுபிடித்தவள் என் மனைவி கோமதி. சுள்ளிக்கல்லில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் கையைப் பார்த்தாள். சுண்டுவிரலில் பெரிய கொப்புளம்.

“இது எப்போ சுட்டது?”

“எங்கே?”

“உங்க கையில இருக்கு. என்கிட்ட கேக்கறீங்க.”

போட் ஜெட்டிப் பக்கம் சாயாக்கடையில் கொதிக்கிற கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டே லாரிக்காரனோடு வாதாடியது ஞாபகம் வந்தது. சூடு ஞாபகம் வரவில்லை. மறுநாள் கோமதி புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள். போட் ஏறி எறணாகுளம் போனோம்.

தோல் நோய்ப் பிரிவின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நானும் அந்தப் பழக்கத்தை உடனே கற்றுக்கொண்டேன். டாக்டரம்மா திருப்பூணித்துறைக்காரர், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். முழங்கைக்குக் கீழே வெளிறிப்போன ஒரு தேமலைக் காட்டி, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். எனக்கு அது இருப்பதே தெரியாது. பிறகு கையில் ஒரு பஞ்சுத் திரியை எடுத்துக்கொண்டார்.

“கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போ சொல்லணும்.”

நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். ஒரு டிராலி உருண்டு போனது.

“எப்போ தொடங்குவீங்க, டாக்டர்?”

“கழிஞ்சு,” என்றார். “முடிஞ்சு போச்சு.”

கண்ணைத் திறந்தபோது கோமதி அழுதுகொண்டிருந்தாள். அவர் என் கையைத் தொட்டதை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள்.

நோயின் பெயர் தொழுநோய். அல்னர் நரம்பு (முழங்கையின் உட்புறமாக ஓடி, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உணர்வு தருவது) தடித்துப்போயிருந்தது. பாய் பிடித்த ஐந்து எனக்கு மூன்றாகத் தெரிந்ததன் காரணம் அதுதான். டாப்சோன் (நோய்க்கிருமியை அடக்கும் மாத்திரை) வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்றார்கள். மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது என்றும் சொன்னார்கள். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இதே நோய் இருந்தால், அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். உங்களைத் தவிர வேறு யாரும் அதை நம்பமாட்டார்கள்.

டாக்டரம்மா சொன்ன ஒன்று மட்டும் இன்றுவரை கூட வருகிறது. “வலிக்கறது எதுன்னு நோக்காதீங்க. வலிக்காதது எதுன்னு நோக்குங்க. காலைல எழுந்ததும் முதல்ல கை பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம் மதி, அப்புறம் போதும்.”

காலையில் கையைப் பார்ப்பது, தண்ணீரில் ஊறவைப்பது, எண்ணெய் தடவுவது, ஒவ்வொரு விரலையும் நீட்டி மடக்குவது. கேட்க எளிய வேலைதான். சீசன் நாளில் வாசலில் ஆள் வந்து நிற்கும்போது ஊறவைத்த கையோடு உட்கார்ந்திருப்பதைப் போல அவமானம் வேறில்லை. “பிள்ளை இல்லையா?” என்று வெளியே குரல் கேட்கும். “குளிக்கறாங்க” என்பாள் கோமதி. இவ்வளவு நேரம் குளிக்கிற மனிதனைப் பற்றித் தெருவில் என்ன பேசியிருப்பார்களோ.

அடுத்த வருடம், புது மிளகு வந்து குவிகிற நேரத்தில், முழங்கை வீங்கி நெருப்பாய் எரிந்தது. ரியாக்‌ஷன் (மருந்து தொடங்கிய பிறகு உடம்பே தன் நரம்பைத் தாக்குவது) என்றார்கள். கைக்கு முழு ஓய்வு வேண்டும், இல்லையென்றால் நரம்பு போய்விடும்.

“சீசன் முடியட்டும், டாக்டர்.”

“நரம்புக்கு சீசன் அறியாது.”

அன்று வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. உடம்பால் அல்ல. எந்த வேலைக்காக எழுந்தாலும் மற்ற வேலைகள் எல்லாம் கழுத்தைப் பிடித்தன. கோமதி எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வேலையாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டாள்.

“இதுக்கு நீங்க போகலைன்னா அவங்க என்ன செய்வாங்க?”

“வேற தரகரைப் பிடிச்சுக்குவாங்க.”

“அப்போ விடுங்க.”

“அது நம்ம வயித்துப்பாடு.”

“கை போனா வயித்துக்கு என்ன போடுவீங்க? விடுங்க.”

கோட்டயத்துச் சரக்கை விட்டேன். ஆலப்புழைக்காரர்களை விட்டேன். பம்பாய்த் தந்தியை விட்டேன். ஒவ்வொன்றையும் விடும்போது உள்ளே ஏதோ அறுந்தது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைத்த காரியங்களில் உண்மையிலேயே நடக்காமல் போகிறது ஒன்றுகூட இல்லை. அதை ஒரே மத்தியானத்தில் தெரிந்துகொள்வது நல்ல அனுபவம் அல்ல. கடைசியில் மிஞ்சியது கையும் மாத்திரையும் ஜெயந்தி பாயும். அவருக்கு மட்டும் நான் போகவில்லை என்றால் யாரைப் பிடிப்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“சரி, அவர் இருக்கட்டும்,” என்றாள்.

ஸ்ப்ளின்ட் (விரல்களை நிமிர்த்தி வைக்கும் தாங்கு) கட்டிக்கொண்டு, பிரெட்னிசோலோன் (வீக்கத்தை அடக்கும் மருந்து) சாப்பிட்டு, வீட்டிலேயே கிடந்தேன். சொன்னதை எல்லாம் செய்தேன். எதைச் செய்யக்கூடாது என்றார்களோ அதைச் செய்யவில்லை. என் வாழ்நாளில் காரியங்களை இவ்வளவு ஒழுங்காக வரிசைப்படுத்தியது அந்தச் சில மாதங்கள்தான். வரிசை சரியாக இருந்தால் பலனும் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். வியாபாரிப் புத்தி.

கை திரும்பி வரவில்லை. வீக்கம் வடிந்தது, எரிச்சல் நின்றது. சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கி வளைந்து அப்படியே நின்றுவிட்டன.

சீசன் முடிகிற சமயத்தில் சந்தைக்குத் திரும்பினேன். சட்டைக் கையை இறக்கிவிட்டு, கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். என் மூலம் மிளகு வாங்கிவந்த வர்கீஸ் முதலாளி என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நல்ல மனிதர். துண்டைப் போட்டு என் கையைப் பிடித்தார். அவர் விரல் என் வளைந்த விரலில் தட்டி ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. அவர் முகத்தில்தான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் காட்டாத தெருவில், அவர் முகத்தில் அது தெரிந்தது. விலையை மறைத்த துண்டுக்கு என் நோயை மறைக்கத் தெரியவில்லை.

“நமக்குள்ள எதுக்கு பிள்ளே துண்டு?” என்றார் மெல்ல. “இனி வாயால சொன்னா மதி.”

அன்பாகத்தான் சொன்னார். அன்றைய விலை பக்கத்தில் நின்றவர்கள் எல்லார் காதிலும் விழுந்தது. விலை வெளியே கேட்கிற தரகனை யார் கூப்பிடுவார்கள்? அடுத்தடுத்து வந்தவர்களும் துண்டு எடுக்கவில்லை. இடதுகையை நீட்டலாமா என்றுகூட ஒருநாள் யோசித்தேன். எங்கள் தெருவில் இடதுகையை நீட்டுவதும் செருப்பை நீட்டுவதும் ஒன்று. நீட்டவில்லை.

ஜெயந்தி பாய் மட்டும் துண்டை எடுத்தார். முதல் நாள் அவர் என் மூன்று விரல்களை அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி இரண்டைப் பிடித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றும் இரண்டும் ஐந்து. அன்று முதல் மூன்றுக்கு மேற்பட்ட எந்த எண்ணையும் எனக்கு அவர் இரண்டு பிடியாகவே தந்தார். வேறு யாருக்கும் தெரியாத ஒரு பாஷையை, அறுபது தாண்டிய மனிதர், எனக்காக உண்டாக்கினார். அதை வைத்துச் சில வருடங்கள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எண்பதுகளில் புது மருந்துகள் வந்தன. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில் ரிஃபாம்பிசின் (கிருமியை வேகமாகக் கொல்வது, சிறுநீரைச் சிவப்பாக்கும்) ஒன்று. அதையும் முடித்த பிறகு டாக்டரம்மா பஞ்சை எடுக்கவில்லை. தாளில் ஏதோ எழுதினார்.

“குணமாயிடுச்சு. இனி மாத்திரை வேண்டாம்.”

“கை?”

அவர் பேனாவை மூடினார். “கிருமி செத்துப் போச்சு, பிள்ளை. நரம்பும் செத்துப் போச்சு.”

போட்டில் திரும்பி வரும்போது கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நோய் இல்லாத மனிதனாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. கோமதி வைத்த பாயசத்தை அவளுக்காக இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

உங்களுக்கு ஆறுதல் எதிர்பார்த்து இதுவரை படித்திருந்தால் மன்னிக்க வேண்டும். காரியங்களை வரிசைப்படுத்துங்கள், சத்தம் போடாததை முதலில் பாருங்கள், முடியாததை விட்டுவிடுங்கள் என்று நானும் சொல்வேன். அதைச் செய்தால் எல்லாம் திரும்பி வரும் என்று சொல்லமாட்டேன். நான் விட்டவை எதுவும் திரும்பி வரவில்லை. காலையில் கையைப் பார்க்கும் வேலை ஒன்றுதான் நிலைத்தது. மற்ற வேலைகள் எல்லாம் போன பிறகு அதற்கு அவசரமும் போய்விட்டது. முன்பெல்லாம் பொழுது என்னை இழுத்துக்கொண்டு ஓடும். இப்போது ஒரு டம்ளரை எடுப்பதற்கு முன் கண்ணால் பார்க்கிறேன், இடதுகையால் சூடு பார்க்கிறேன், பிறகு வலதுகையை அனுப்புகிறேன். கை போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மறுபடி கண்ணால் பார்க்கிறேன். ஒரு சாயா குடிப்பதற்குள் காலை பாதி போய்விடுகிறது.

ஜெயந்தி பாய்க்கு நெஞ்சு வலி வந்த பிறகு மகன் கிடங்கை எடுத்துக்கொண்டான். அவன் வியாபாரம் எல்லாம் டெலிபோனில். எனக்கு வேலை நின்றது. பாய் சொந்த ஊருக்கே போகிறார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்ப்பதற்குள் அவரே சுள்ளிக்கல் வந்துவிட்டார். கோமதி கொடுத்த மோரைக் குடித்தார். எழுந்திருக்கும்போது தோளிலிருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். சரக்கும் இல்லை, வாங்குகிறவரும் இல்லை.

துண்டுக்கு அடியில் அவர் என் கையைப் பிடித்தார். மூன்று தெரிந்தது. அடுத்த பிடிக்காகக் காத்திருந்தேன். அவர் விடவுமில்லை, மறுபடி பிடிக்கவுமில்லை. மூன்று விரலைத்தான் பிடித்திருக்கிறாரா, பழையபடி முழுக் கையையும் பிடித்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. துண்டை விலக்கினால் தெரிந்துவிடும். அது எங்கள் தெரு வழக்கம் இல்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்மதம், பாய்,” என்றேன்.