மூன்று தட்டு

இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 1948 சித்திரையில், சங்கரன்கோவில் ஒர்க்‌ஷாப் ஒன்றில், பட்டப்பகலில் நடந்தது இது. அனுபவித்தவர் சலாவுதீன் மேஸ்திரி. இருபது வருஷமாக லாரி இன்ஜின்களோடு மல்லுக்கட்டியவர். யாராவது பேய் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

பஞ்சு லாரி முதலாளி முத்துக்குமாரசாமியின் வண்டி ஒன்று இன்ஜின் பிரித்துக் கிடந்தது. பிஸ்டன்களைத் தாங்கும் கனெக்டிங் ராடுகள் ஆறும் தேறாது. புதுசு மதராஸிலிருந்து வர மூன்று மாதம் ஆகும்.

"பனவடலிசத்திரத்து ஓடையில கவுந்த நம்ம வண்டி சும்மாதான கெடக்கு? அதுல உள்ளதக் கழத்திப் போடும், வே," என்றார் முதலாளி.

டிரைவர் கோமதிசங்கர் போன மாதம் செத்தது அந்த வண்டியில்தான். சலாவுதீன் தயங்கினார்.

"செத்தவன் வந்து ராட்டக் கேக்கவா போறான்?" என்று முதலாளி சிரித்தார்.

சலாவுதீன் ராடுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் தடவிப் பார்த்தார். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். கோடு இல்லை. வளைவும் இல்லை. ஒன்று மட்டும்... நிழலில் கிடந்தும் கை வைக்க முடியாமல் சுட்டது. வெயில் காலம்தானே என்று அதையும் பூட்டினார்.

மறுநாள் பகல் 12.40. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினார்.

டக். டக். டக்.

இரும்பு ஆறுகிற சத்தம் என்று நினைத்தார்.

12.52. மறுபடியும் மூன்று.

1.05. மறுபடியும். இன்ஜினைத் தொட்டார். சற்றுமுன் ஓடிய இன்ஜின்... சில்லென்றிருந்தது.

அடியில் படுத்து, எண்ணெய் தங்கும் தட்டான ஆயில் பேனைக் கழற்றினார். உள்ளே எதுவும் அசையவில்லை. ராடு ஒன்றில் உள்ளங்கையை வைத்தார்.

டக். டக். டக்.

கைக்குள் தட்டியது.

என்ன தோன்றியதோ, ஸ்பானரால் திருப்பி மூன்று தட்டினார்.

நிசப்தம்...

டக்டக்டக்டக்டக்...

ஆள் இரண்டு கையாலும் அடிக்கிற மாதிரி.

"யா அல்லா!"

தவழ்ந்து வெளியே வந்தார்.

சத்தம் மூன்று மணிக்கு, தானாக நின்றது.

சாயங்காலம் முதலாளி வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"திருப்பித் தட்டினீரா?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. போய்விட்டார்.

ராடுகளைக் கழற்றி எறிந்த பிறகும் சலாவுதீனுக்குத் தூக்கமில்லை. ஒரு வாரம் கழித்து, விபத்தன்று அந்த இடத்தில் இருந்த சுமைதூக்கி செல்லச்சாமியைப் பிடித்துக் கேட்டார். அவன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"கவுந்த உடனே கோமதிசங்கர் சாகல, பாய். கேபினுக்கு அடியில உசுரோட கெடந்தான். உள்ள இருந்து தட்டினான். மொதலாளி, பஞ்சுப் பொதியத்தான் மொதல்ல மேல ஏத்தச் சொன்னாவ. பதினெட்டுப் பொதி. மூணு மணி ஆயிட்டு... தட்டும் நின்னுட்டு."

"அதுவரைக்கும் அவன் கத்தலையா?"

"கத்தல, பாய். அவன் தட்டும்போதெல்லாம் மொதலாளி கல்ல எடுத்துத் திருப்பித் தட்டினாவ. தன்னத் தூக்க ஆளு வந்துட்டாவன்னு நெனச்சிக்கிட்டு... அவன் சத்தம் போடாமக் கெடந்தான்."